காப்பு கட்டியவன் ஓடமாட்டான்

உன் அப்பா ஓடியிருக்கலாம், நீ கேட்பது சரிதான். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் இறங்கினால் ஆறு. மாசி மாதத்தில் அதில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அக்கரை வேறு தோட்டம், வேறு துரை. அதைத் தாண்டினால் காடு. பூனாகலையில் உன் அப்பாவின் சித்தப்பா இருந்தார். போனால் கதவைத் திறந்திருப்பார். வழியில் தின்ன நான் ரொட்டி தட்டித் துணியில் முடிந்து வைத்திருந்தேன். முடிச்சு மூலையிலேயே கிடந்தது. உன் அப்பா அதைப் பார்க்கக்கூட இல்லை.

இந்தக் கேள்வியை நீ கடைசி வரியில்தான் எழுதியிருந்தாய். குற்றம் செய்தவன்தான் ஓடுவான் என்று உங்கள் இன்ஸ்பெக்டர் சொல்கிறாராம். அப்பா ஓடவில்லையே, பிறகு ஏன் பிடித்தார்கள் என்று கேட்டிருந்தாய். அதற்கு மேலே எழுதியிருந்தது வேறு. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணியை அடித்துவிட்டு ஆட்கள் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு வராமல் நிற்கிறார்கள், அதற்குத் தலைவன் என்று ஒருவனைத் தேடுகிறார்கள், அவன் இந்த மாசியில் காமன் வேஷம் கட்டப் போகிறான். இப்போது போனால் மலையேறித் தப்பிவிடுவான், காப்பு கட்டும்வரை பொறுப்போம், கட்டியபின் எல்லையைத் தாண்டமாட்டான் என்று நீயே இன்ஸ்பெக்டரிடம் சொன்னாயாம். அவர் உன் தோளைத் தட்டினாராம். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. பிறகுதான் மீதியைப் படித்தேன்.

நேரில் வந்து சொல்லியிருப்பேன். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், பேச வேண்டியது பாதியில் நிற்கும். அதனால் எழுதுகிறேன். டவுனுக்குப் போகும் காதர் நானா கையில் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பொலிஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படி.

நான் பதுளையில் ஒரு பாதிரியார் வீட்டுச் சமையலறையில் வளர்ந்தவள் என்பது உனக்குத் தெரியும். அங்கேதான் எழுத்துப் படித்தேன். கல்யாணமாகி லயத்துக்கு வந்த முதல் மாசியில், பிரட்டுக்களத்துக்குக் கீழே ஆமணக்குக் கொம்பு நட்டு, வைக்கோல் சுற்றி, அதைக் காமன் என்று கும்பிட்டதைப் பார்த்துச் சிரித்தேன். காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம். தவத்தில் இருக்கிற சிவன்மேல் அம்பு விடக் காமன் போகிறான். போகாதே என்று ரதி அழுகிறாள். சிவன் கண்ணைத் திறக்கிறார். கொம்பு எரிகிறது. மூன்றாம் நாள் காமனைத் திரும்ப எழுப்புகிறார்கள். காமனாக வேஷம் கட்டுபவனுக்கு முதலில் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டுவார்கள். அதுதான் காப்பு. அதை அவிழ்க்கும்வரை அவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். என் மடியில் உட்கார்ந்து கூத்துப் பார்ப்பாய். "அறுத்துட்டா என்னாம்மா ஆகும்?" என்று கேட்பாய். அறுத்தா தோட்டத்துக்கே ஆகாது என்பேன். அதற்குள் நானும் சிரிப்பதை விட்டிருந்தேன்.

உன் அப்பாவைப் பிடித்த வருஷம், நீ பிறக்குமுன், அவர்தான் காமன். ரதி வேஷம் முத்தன் மாமா. முகம் முழுக்க மாவு பூசினாலும் மாமாவின் மீசை மறையாது. லயத்துப் பெண்கள் விடமாட்டார்கள். "மீசை வச்ச ரதி எந்த ஊர்ல மாமா இருக்கா?" என்பார்கள். "கட்டிக்கப் போற மன்மதனே ஒண்ணும் சொல்லல, ஒனக்கு என்னாடி?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார். அவரிடம் ஒரு பசு இருந்தது. கன்று போட்ட பசு. அது தேயிலைக்குள் இறங்கிவிட்டது என்று காவற்காரன் சின்னையா பிடித்துப் பட்டியில் அடைத்தான். மேய்ச்சலுக்கு விட்டிருந்த பழைய தரையில் அந்த வருஷம்தான் புதுத் தேயிலைக் கன்று நட்டிருந்தார்கள். மாடு எங்கே போகும்? அதற்குத் தெரிந்த தரைக்குப் போயிற்று. பட்டியில் வேறு சிலர் மாடுகளும் நின்றன. துரை வேட்டைக்குப் போயிருந்தார். துரை வந்து சொன்னால்தான் அவிழ்ப்பேன் என்றான் சின்னையா. பசு பட்டியில் கத்தும். கன்று லயத்தில் கத்தும். கேட்டுக்கொண்டு சோறு தின்ன முடியவில்லை. நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய்.

கூத்துக்காரர்கள் காமனை எரிக்கிற நாளில் லயம் லயமாகப் போவது வழக்கம். தப்பு மேளம் அடித்துக்கொண்டு, முகத்தில் கரியும் மாவும் பூசி, ஆளடையாளம் தெரியாமல் போவார்கள். வெளிச்சம் மங்கும் நேரம். மேல் லயத்திலிருந்து இறங்கும்போது தப்புக்காரர் பட்டி இருந்த பக்கம் திரும்பினார். யார் திருப்பியது என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் திரும்பினார்கள். நாங்கள் பெண்களும் பின்னால் போனோம். உன் அப்பா முன்னால் நின்றார், தலையில் காகிதக் கிரீடம், கையில் கரும்பு வில். கோபமாகப் பேசவில்லை.

"மடி வெடிச்சிரும்யா. பால மட்டும் கறந்துட்டு விட்டுர்றோம்."

"தொர வரட்டும்."

"தொர எப்ப வாறது, மாடு எப்ப சாகுறது."

"கிரீடம் வச்சா நீ ராசாவாடா? போ, போயி ஓன் ரதிகிட்ட பால் கற."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். முத்தன் மாமா சேலையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. உன் அப்பா வில்லைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டுப் பட்டியின் குறுக்குக் கட்டையைத் தூக்கினார். நீ கேட்டதற்கு அதுதான் பதில். கட்டையைத் தூக்கினார். மறுக்கமாட்டேன். மாடுகள் முட்டிக்கொண்டு வெளியே வந்தன. சின்னையா கம்பைச் சுழற்றினான். யாரோ அவனைத் தள்ளினார்கள். பந்தம் ஒன்று அவன் குடிசைக் கூரையில் விழுந்தது. விழுந்ததோ, எறிந்தார்களோ. பந்தம் பிடித்தவர் உன் அப்பா இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உள்ளே ஏதோ எடுக்க ஓடினான் சின்னையா. வெளியே வந்தபோது வலது கை வெந்திருந்தது. அந்தக் கையால் அதற்குப் பிறகு அவனால் எதையும் பிடிக்க முடியவில்லை. இதையும் சேர்த்துத் தெரிந்துகொள். அவன் பெண்சாதி எங்கள் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்றைக்கே காமனை எரித்தார்கள். கொம்பு சாம்பலாயிற்று. மறுநாள் இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்தார். கூட ஒரு பொலிஸ்காரர், எங்களைப் போலப் பேசுகிறவர். இளவயது. தோட்டத்தில் பிறந்தவராம், அவருடைய அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறாராம். லயத்துக்குள் நுழையும்போதே பக்கத்து வீட்டுக்காரியிடம், "என்னாக்கா, ஒல பொங்குது, நெருப்ப இழுங்க" என்றார். அவள் இழுத்தாள். ஆண்களையெல்லாம் பிரட்டுக்களத்தில் நிறுத்தினார்கள். எல்லாரும் முகம் கழுவியிருந்தார்கள். கிரீடம் வைத்தவன்தான் கட்டையைத் தூக்கினான் என்று சின்னையா சொல்லியிருந்தான். பேரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தெரியாமல் இருக்க முடியாது.

பொலிஸ்காரர் வரிசையில் நடந்துகொண்டே முன்னால் நின்ற ஒருவரிடம் கேட்டார்.

"காமன் யாருண்ணே?"

"சாமிங்க."

"சாமி தெரியும். ஆளு யாரு?"

"காப்பு கட்டிட்டா ஆளு இல்லீங்க. சாமிதான்."

"அப்ப சாமிக்கு ராத்திரி சோறு யாரு வீட்ல?"

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். உன் அப்பா கம்பளியை மணிக்கட்டுவரை இழுத்து விட்டிருந்தார். பொலிஸ்காரர் அந்தக் கம்பளியைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். ஆனால் கையை நீட்டச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டரிடம் போய் மெதுவாக ஏதோ பேசினார். இருவரும் குதிரையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கு உயிர் வந்தது. நம்ம புள்ள, காட்டிக் குடுக்கல என்றார்கள்.

அப்போதுதான் ரொட்டி தட்டினேன். உன் அப்பாவிடம் சொன்னேன், திரும்ப வருவார்கள், இப்போதே ஆற்றைத் தாண்டுங்கள் என்று. முத்தன் மாமாவும் வந்து சொன்னார். மாமா அழுதார். உன் அப்பா சுவரில் சாய்ந்து மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறுதானே. அறுத்துட்டுப் போங்க" என்றேன்.

"நீ பாதிரி வீட்டுப் புள்ள. ஒனக்குக் கயிறு."

"ஒங்களுக்கு என்னாவாம்?"

"எரிச்சாச்சு. எழுப்பணும். எழுப்பாமப் போனா, நாளைக்கு லயத்துல ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் கண்டா யாரக் கேப்பாங்க?"

அதற்கு முந்தின வருஷம்தான் அம்மை வந்து லயத்தில் குழந்தைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. அவர் குழி வெட்டியவர்களில் ஒருவர். என் வயிற்றைக் காட்டி, "இதுக்கும் சேத்துத்தான்" என்றார். நான் ரொட்டி முடிச்சை மூலையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் எழுப்பினார்கள். பிரட்டுக்களத்துக்குக் கீழே பெரிய கூட்டம். முத்தன் மாமா மாரில் அடித்து அழுத அழுகையில் கூத்து இல்லை. பூசாரி தண்ணீர் தெளித்தார். வெள்ளைத் துணிக்குள் இருந்து உன் அப்பா எழுந்தார். எல்லாரும் குலவையிட்டோம். கூட்டத்தின் ஓரத்தில் அந்தப் பொலிஸ்காரர் நின்றார். கொஞ்சம் தள்ளி, தேயிலைக்குள், இன்னும் சிலர். அவர் மட்டும் சப்பாத்தைக் கழற்றிப் பாதையோரம் வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தார். பூசாரியிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். பூசாரி காப்பை அவிழ்த்தார். அவிழ்த்து முடிக்கும்வரை அவர் அசையவில்லை. பிறகு பக்கத்தில் வந்தார்.

"முடிஞ்சுதுங்களா? சாப்ட்டுட்டு வாங்கண்ணே, போவோம்."

உன் அப்பா சாப்பிட்டார். நான் பொலிஸ்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். யாரும் ஒரு கல் எடுக்கவில்லை. சாமி காரியம் முடியட்டும் என்று பொறுத்தாரே என்று எல்லாருக்கும் அவர்மேல் மரியாதை. கிழவிகள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பெத்தவ நல்லா வளத்திருக்கா." நானும் தலையாட்டினேன்.

கோர்ட்டில்தான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பேசப் பேச, ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். இந்தக் காவலருக்கு இவர்களுடைய வழக்கம் தெரியும். அன்றே தொட்டால் தோட்டமே திரளும் என்று இவர்தான் சொன்னாராம். காப்பு கட்டியவன் ஓடமாட்டான், மூன்றாம் நாள்வரை ஆளைக் காவல் காக்கவே வேண்டாம் என்றாராம். காரியம் முடிந்தபின் ஒருவரும் கையைத் தூக்கமாட்டார்கள் என்றாராம். அப்படியே நடந்தது. இன்ஸ்பெக்டர் அவரைப் புகழ்ந்தார். பொலிஸ்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமா, அடக்கமா என்று தெரியவில்லை. கிரீடம் வைத்ததால் உன் அப்பாதான் கலகத்தின் தலைவன் என்று தீர்ப்பானது. கிரீடம் கூத்துக்கு என்று முத்தன் மாமா சொல்லிப் பார்த்தார். கூத்துக்கு ஏன் மாட்டுப்பட்டிக்குப் போனீர்கள் என்று கேட்டார்கள்.

சிறையில் வயிற்றுக்கடுப்பு. நீ குப்புற விழப் பழகிய நாட்களில் சேதி வந்தது. உடம்பைக் கொடுக்கவில்லை. முத்தன் மாமா அதற்குப்பின் எந்த மாசியிலும் வேஷம் கட்டவில்லை. பசுவை விற்றுவிட்டார்.

அந்தப் பொலிஸ்காரரை நான் வெறுக்கவில்லை. வெறுக்க முயன்றிருக்கிறேன். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை, விலங்கைக்கூட லயத்தைத் தாண்டிய பிறகுதான் மாட்டினார். பொய்யும் சொல்லவில்லை. அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். அம்மா மடியில் உட்கார்ந்து கேட்டதைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். அவருடைய அம்மாவைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவளுக்குத் தெரிந்திருக்குமா? மகன் தோளில் தட்டு வாங்கிய கதையைச் சொன்னபோது என்ன சமைத்துக் கொடுத்தாள்? பல வருஷம் இப்படி நினைத்திருக்கிறேன். உன் கடிதம் வந்த அன்று அந்த நினைப்பு நின்றுபோயிற்று. அவளைத் தேட வேண்டிய அவசியம் இல்லை.

நீ பொலிஸில் சேருகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை. சந்தோஷப்பட்டேன். சப்பாத்துப் போட்ட கால் அட்டைக்கடி இல்லாமல் இருக்கும் என்று நினைத்தேன். நம் பேச்சுத் தெரிந்த ஒருவன் அங்கே இருந்தால் நம் ஆட்களுக்கு நல்லது என்றும் நினைத்தேன். பேச்சுத் தெரிந்தவன் ஏற்கெனவே ஒருமுறை வந்ததை மறந்துவிட்டு நினைத்தேன். இப்போதும் வேலையை விடு என்று சொல்லவில்லை. சின்னையாவின் கையைப் பார்த்தவள் நான்; அடித்தவனைக் கேட்க ஒருவரும் வரக்கூடாது என்று சொல்லமாட்டேன். அந்தக் கங்காணி பிரட்டில் ஒரு பெண்ணைக் கீழே தள்ளி மிதித்ததால்தான் அடி விழுந்தது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். அதையும் ஒருவர் கேட்க வேண்டும். நீ தேடு. காட்டில் தேடு, பாதையில் மறி, கதவைத் தட்டு. உன் காலுக்கும் கண்ணுக்கும் கூலி கொடுக்கிறார்கள், அவற்றைக் கொண்டு பிடி. நம்பி ஒருவன் நிற்கிற இடத்தில் போய்க் காத்திருக்காதே. அந்த இடத்தை உனக்குக் காட்டியது நான். அதை விற்க உனக்கு உரிமை இல்லை.

இதையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டு உன் மனம் மாறும் என்று காத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். காத்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுவதற்கு முன்பே மடுல்சீமைக்குப் போய் வந்துவிட்டேன். பசறைவரை மாட்டு வண்டி கிடைத்தது. அதற்கப்புறம் நடை. நீ எழுதியிருந்த பேரைச் சொல்லி விசாரித்தேன், சொந்தக்காரி என்றேன். லயத்தைக் காட்டினார்கள். அவன் உன்னைவிட இரண்டு வயது கூட இருப்பான். முன்பல் கொஞ்சம் தூக்கல். காப்பு கட்டியாயிருந்தது.

யார் என்று கேட்டான். உன்னைப் பிடிக்க வரப்போகிற பொலிஸ்காரனின் அம்மா என்றேன். அவன் பெண்சாதிதான் சொன்னாள்: "வேவு பாக்கப் பெத்தவளையே அனுப்பிட்டானா? நல்ல உத்தியோகம்." நான் உட்கார்ந்து உன் அப்பாவின் கதையைச் சொன்னேன், இங்கே எழுதியதைவிடச் சுருக்கமாக. அவன் முடியும்வரை கேட்டான்.

"கட்டியாச்சு தாயி. இப்பப் போனா தோட்டத்துக்கு ஆகாது."

"தெரியும்."

"அறுக்கச் சொல்றீங்களா?"

"நீ அறுக்க வேணாம்."

சுவரில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி செருகியிருந்தது. எடுத்தேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுப்பான் என்று நினைத்தேன். நூல் உடனே அறுந்தது. அவன் பெண்சாதி என் கன்னத்தில் அறைந்தாள். தாலி அறுத்தவள் கை பட்டுடுச்சே என்று தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டுப் பூசாரி வந்தார். தரையில் கிடந்த நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தப் பாவம் யார் தலையில் என்று கேட்டார். என் தலையில் என்றேன். வேறொருவனுக்குக் கட்டலாமா என்று யோசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். அந்தத் தோட்டத்தில் இந்த மாசிக்குப்பின் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அவர்கள் என் முகத்தைத்தான் நினைப்பார்கள். நானும் நினைப்பேன். உன் அப்பா சுமக்க முடியாது என்று சொன்னது அதைத்தான்.

அவன் எந்தப் பக்கம் போனான் என்று எழுதமாட்டேன். நீ கேட்டாலும் சொல்லமாட்டேன். இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டியிருந்தால் என் பேரைச் சொல், மறைக்காதே. அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் வராது.

அங்கிருந்து பசறைவரை நடந்தேன். வண்டி இல்லை. ஒரு கடை வாசலில் படுத்திருந்துவிட்டு மறுநாள் நம் தோட்டத்துக்கு வந்தேன். எங்கே போயிருந்தாய் என்று கங்காணி கேட்டார். மகனைப் பார்க்க என்றேன். கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினேன்.